பைக்குக்கு டர்போ போடலாமா என்று கேட்பவர்களுக்கு

வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆனால் போத்தனூர் ரோட்டில் நான் வேலை பார்த்த பட்டறையின் பெயர்ப் பலகையில் என் போன் நம்பர் இன்னும் அப்படியே இருக்கிறது. அழித்துவிடுங்கள் என்று முதலாளியிடம் நாலைந்து முறை சொல்லிவிட்டேன். "பெயின்டர் வரட்டுங்க அம்மணி" என்கிறார். பெயின்டர் வந்தபாடில்லை. அதனால் பட்டறைக்குப் போகவேண்டிய அழைப்பெல்லாம் என் சமையலறைக்கு வருகிறது.

லாரிக்காரர்கள் கூப்பிட்டால் எனக்கு வருத்தமே இல்லை. "கறுப்பாப் புகை அடிக்குதுங்க, ஏத்தத்துல இழுவையே இல்லீங்க" என்று நேராக விஷயத்துக்கு வருவார்கள். என்ன செய்யவேண்டும் என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். என் பொறுமையைச் சோதிப்பவர்கள் பைக்காரர்கள். போன வாரம் இட்லிக்கு மாவு வழித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் கூப்பிட்டார்.

"டர்போ மெக்கானிக்குங்களா?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"மெக்கானிக்கைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

"நாந்தானுங்க."

"இல்லீங்க, வேலை செய்யறவரு. உங்க ஊட்டுக்காரருங்களா?"

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். டர்போ என்றால் மிக்சியில் இருக்கும் மூன்றாவது சுவிட்சு என்று நினைக்கிற மனிதர். முப்பத்திரண்டு வருடம் டர்போவைப் பிரித்துக் கோத்தது நான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் தன் கேள்விக்கு வந்துவிட்டார். ஆயிரம் சிசி பைக் வைத்திருக்கிறாராம். அதற்கு டர்போ போட்டால் வொர்த்தா?

வேண்டாங்க என்றேன். ஏனுங்க என்றார். இந்த "ஏனுங்க"வுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அதனால் ஒரேயடியாக எழுதி வைத்துவிடுகிறேன். இனி கூப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கூப்பிடட்டும். படித்த பிறகும் கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

நான் பிறந்தது கொடுமுடிப் பக்கம். கல்யாணமாகிப் போத்தனூர் வந்தேன். முதலில் ஒரு மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றினேன். அங்கே என் விரல் நிதானத்தைப் பார்த்த ஒருவர், டர்போ பட்டறையில் பேலன்சிங் மிஷினுக்கு ஆள் தேவை என்று சொல்லி அனுப்பினார். அவ்வளவுதான் என் படிப்பு. மீதியெல்லாம் அங்கே கற்றுக்கொண்டது.

டர்போ என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு தண்டின் இரண்டு முனையிலும் இரண்டு சின்னச் சக்கரங்கள். எஞ்சின் வெளியே தள்ளும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதோடு சுழலும் மற்றச் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும். காற்று அதிகம் போனால் டீசலோ பெட்ரோலோ அதிகம் எரிக்கலாம், பவர் கூடும். ஆனால் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். சக்கரத்தின் ஒரு பக்கம் நகத்தைச் சீவினால் விழுகிற அளவு எடை கூடியிருந்தாலும் போதும், எல்லாம் தூள். அந்த நகத்துணுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று மிஷினில் பார்த்து, அதை மட்டும் தேய்த்து எடுப்பதுதான் என் வேலை.

பட்டறைக்கு ஃபோர்மேன் கரீம் பாய். கோட்டைமேட்டுக்காரர். வெள்ளை முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மூன்று மடிப்பு மடித்துவிட்டு எண்ணெய் வேலை செய்வார். ஒரு நாளும் அந்தச் சட்டையில் நான் கறை பார்த்ததில்லை. குரல் உயர்த்தமாட்டார். கெட்டுப்போன டர்போவை யாராவது கொண்டுவந்தால் உடனே தொடமாட்டார். வந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்து, வண்டி எங்கே போனது, என்ன லோடு, கடைசியாக எப்போது ஆயில் மாற்றியது, முதலில் சத்தம் வந்ததா புகை வந்ததா என்று வரிசையாகக் கேட்பார். பிறகுதான் காற்றுக் குழாய்க்குள் விரலை விட்டு, ஒட்டிய தூசியை இரண்டு விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்ப்பார்.

"டர்போ தானாச் சாகாதுங்க" என்பார். "ஒண்ணு எண்ணெய் இல்லாமப் பட்டினி போட்டிருப்பாங்க, இல்லாட்டி மண்ணைத் தின்ன வெச்சிருப்பாங்க. யாருன்னு தெரியாம நான் புதுசு மாட்டமாட்டேன்."

இது எங்கள் முதலாளி ரங்கராஜுக்குப் பிடிக்காது. வந்ததைக் கழற்றி, மாட்டி, அனுப்பவேண்டும் அவருக்கு. ஒரு முறை சங்ககிரி லாரிக்காரர் ஒருவர் மூன்றாவது தடவையாக அதே வண்டியோடு வந்து நின்றார். இரண்டு டர்போ போயாகிவிட்டது. "உங்க வேலை சரியில்லீங்க" என்று வாசலிலேயே சத்தம் போட்டார். முதலாளி மூன்றாவதை இலவசமாக மாட்டிக் கொடுத்துவிடச் சொன்னார். பாய் மறுத்துவிட்டு, எஞ்சினில் இருந்து டர்போவுக்கு எண்ணெய் வரும் சின்னக் குழாயை மட்டும் கழற்றச் சொன்னார். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே வெளிச்சமே தெரியவில்லை. வழியில் எவரோ ஒரு மெக்கானிக் கேஸ்கட்டுக்குப் பதிலாகப் பேஸ்ட் தடவி முறுக்கியிருக்கிறார். அது உள்ளே பிதுங்கி, காய்ந்து, குழாயை அடைத்திருக்கிறது. பாய் ஒரு குச்சியால் அதை நெம்பி எடுத்து, ரப்பர் புழு மாதிரி இருந்ததை லாரிக்காரர் உள்ளங்கையில் வைத்தார். அந்த மனிதர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனது எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது.

இப்படி லாரியும் போர்வெல் வண்டியுமாகப் போய்க்கொண்டிருந்த பட்டறைக்கு, நான் ஓய்வு பெறுவதற்கு ஆறேழு வருடம் முன்னால் செந்தில்குமார் வந்தார். நாற்பது வயது. சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருந்தார். மரியாதையான மனிதர். தறி ஓடுகிற இடத்தில் ஒரு நூல் அறுந்தால் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவாராம். அவ்வளவு புத்தியுள்ள ஆள், பைக் என்று வந்துவிட்டால் மட்டும் ஒன்றும் காதில் ஏறாது.

அவருடையது ஆயிரம் சிசி, நாலு சிலிண்டர் ஜப்பான் பைக். நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட மூன்று செகண்டு என்று அவரே சொன்னார். அதற்கு டர்போ வேண்டுமாம். வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வரவழைத்திருந்தார். டர்போ, புகைக்குழாய், பெட்ரோல் இன்ஜெக்டர், சின்னக் கம்ப்யூட்டர் எல்லாம் அதில் இருந்தன.

கரீம் பாய் வழக்கம்போல ஸ்டூலில் உட்காரவைத்தார்.

"இப்ப இருக்கற பவரை எங்கீங்க முழுசா ஓட்டறீங்க?"

"அவினாசி ரோட்டுலதாங்க பாய்."

"அங்க எத்தனையாவது கியர் வரைக்கும் போவீங்க?"

செந்தில் கொஞ்சம் யோசித்தார். "மூணுங்க. டிராபிக் இருக்குதுல்லீங்களா."

"மிச்சம் மூணு கியரு சும்மாவே கெடக்குது. அதைத் தீத்துப்போட்டு வாங்க, அப்பறம் டர்போ பத்திப் பேசலாம்."

செந்தில் சிரித்தார். கோபப்படவில்லை. உள்ளே போய் முதலாளியைப் பார்த்தார். அரை மணி நேரத்தில் முதலாளி வெளியே வந்து, வண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கோவையில் பைக்குக்கு டர்போ போட்ட பட்டறை என்று பெயர் வாங்க அவருக்கு ஆசை. ஊருக்குத் தெற்கே இருக்கிற ரேஸ் டிராக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்காரர்கள் கூடுகிறார்களாம். அதற்குள் வண்டி தயாராக வேண்டும். பாய்க்கு அப்போதே எழுபதை நெருங்கிய வயது. அரை நாள்தான் வருவார். பொறுப்பை என்னிடம் கொடுத்தார் முதலாளி.

நான் அன்று "வேண்டாங்க" என்று ஒரு முறை சொன்னேன். முதலாளி கையை வீசி, "செய்யுங்க அம்மணி, நீங்க செஞ்சா நல்லா வரும்" என்றார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதையும் ஒத்துக்கொண்டாக வேண்டும்.

இனி என்னென்ன தொல்லை என்று கேளுங்கள். கேள்வி கேட்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டித் தாண்டித்தான் போகிறார்கள்.

லாரி எஞ்சின் டர்போவுக்கென்றே பிறந்தது. ஸ்போர்ட்ஸ் பைக் எஞ்சின் அப்படியில்லை. அதில் ஏற்கெனவே காற்றையும் பெட்ரோலையும் இவ்வளவுதான் நெருக்கலாம் என்ற எல்லை வரை நெருக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் டர்போ காற்றை அழுத்தினால், பிளக் பொறி விடுவதற்கு முன்பே உள்ளே தானாக வெடிக்கும். பிஸ்டனைச் சுத்தியால் அடிப்பது போல. அதைக் குறைக்க சிலிண்டருக்கு அடியில் ஒரு தகடு கொடுத்துத் தூக்கினோம். அழுத்திய காற்று சூடாகும். அதைக் குளிரவைக்கும் கூலருக்கு வண்டியில் இடமே இல்லை. எங்கே வைப்பது? ஓட்டுகிறவர் மடியிலா? சூடு அப்படியே உள்ளே போனது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி எண்ணெய். லாரியில் டர்போ உயரத்தில் இருக்கும். அதற்குள் போன எண்ணெய் தானாகக் கீழே வடிந்து எஞ்சினுக்குத் திரும்பிவிடும். பைக்கில் டர்போவைத் தொங்கவிட முன்பக்கம் கீழேதான் இடம். எண்ணெய் மட்டத்துக்கும் கீழே. வடியாது. அதனால் ஒரு சின்ன மின்சார பம்பு வைத்து, அந்த எண்ணெயை உறிஞ்சி மேலே அனுப்பவேண்டும். பம்பிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் பின்பக்கமாக ஓடி, சுற்றி எஞ்சினுக்குப் போகும். பின் டயருக்கு ஒரு சாண் தள்ளி.

பாய் ஒரு மதியம் குனிந்து அதைப் பார்த்தார். ஹோஸை விரலால் அசைத்துப் பார்த்தார்.

"அம்மணி, இந்த ஹோஸுக்குக் கிளிப்பு போதாது. முனையில இரும்புக் கப்பு வெச்சு அமுக்கின ஹோஸு வேணும். பம்பு நின்னா எரியறாப்ல ஒரு லைட்டு வேணும். அடியில ஒரு தட்டு வேணும், ஒழுகுனா டயருக்குப் போகாம."

"ஹோஸு செஞ்சு வர பத்து நாள் ஆகுமாங்க பாய். ஞாயித்துக்கெழமை டிராக்குங்க."

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் டிராக்கு அங்கதானே இருக்கும்?"

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "ரெண்டு கிளிப்பாப் போட்டு இறுக்குங்க, ஒரு நாளைக்குத்தானே" என்றார். நான் இரண்டு கிளிப் போட்டேன். எஞ்சினை ஓடவிட்டு, துணி வைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. வேலைக் கார்டில் கடைசி வரியில் இரண்டு கையெழுத்து வேண்டும், செய்தவர் ஒன்று, சரிபார்த்தவர் ஒன்று. நான் போட்டேன். பாய் கார்டை வாங்கிப் படித்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் டிராக்குக்குப் போய்விட்டோம். என் கையில் ஸ்டாப் வாட்ச். நேரான பாதையில் செந்தில் போனபோது நானே வாயைப் பிளந்தேன். உண்மையைச் சொல்லவேண்டும் அல்லவா? நேர்ப்பாதையில் அந்த வண்டிக்கு ஈடே கிடையாது. சத்தம் முன்னாலும் வண்டி அதற்கு முன்னாலும் போனது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். முதலாளி எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

வளைவில் கதை வேறு. வண்டியைச் சாய்த்து, வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலேட்டரை மெல்லத் திருகவேண்டும். திருகினால் ஒன்றும் வராது. டர்போ சக்கரம் வேகம் பிடிக்க நேரம் எடுக்கும். இன்னும் கொஞ்சம் திருகுவார். அப்போதும் வராது. பிறகு மொத்தமும் ஒரே நேரத்தில் வரும், வண்டி சாய்ந்திருக்கும்போதே. முதல் சுற்றில் பின் டயர் வழுக்கியது. அதற்குப் பயந்து அவர் வளைவு முழுக்க மெதுவாகப் போய், வண்டியை நிமிர்த்திய பிறகே திருக ஆரம்பித்தார். மூன்றாவது சுற்று ஒரு நிமிடம் பதினேழு செகண்டு. பக்கத்தில் நின்ற ஒருவர் தன் தம்பியின் அறுநூறு சிசி வண்டிக்கு எடுத்த நேரம் அதைவிடக் குறைவு. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

நாலாவது சுற்றில், இடது வளைவில் பின் டயர் ஐஸ் மேல் ஏறியது போல விலகியது. வண்டி விழுந்து அவர் காலை அடியில் வைத்துக்கொண்டே தேய்த்துப் போனது. நான் ஓடினேன். ஐம்பது வயதுக்கு மேல் அப்படி ஓடியதில்லை. கிட்டப் போனபோது முதலில் என் கண்ணில் பட்டது டயர். பளபளவென்று எண்ணெய். ஹோஸ் கிளிப்பிலிருந்து உருவிக்கொண்டு நாக்குப் போலத் தொங்கியது. பம்பு அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. மிச்ச எண்ணெயைத் தரையில் துப்பிக்கொண்டிருந்தது.

செந்திலுக்கு நினைவு இருந்தது. "அக்கா, வண்டிக்கு என்னாச்சுங்க?" என்று கேட்டார். தொடை எலும்பு இரண்டாக ஒடிந்திருந்தது.

மறுநாள் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். பாய் அந்த இரண்டு கிளிப்பையும் கழற்றி, மேஜை மேல் வைத்தார். சூட்டில் ஹோஸ் இளகியிருந்தது. இரண்டு கிளிப்பும் இறுக்கமாகத்தான் இருந்தன, ரப்பர்தான் அவற்றுக்குள்ளிருந்து நழுவியிருக்கிறது. என்னைத் திட்டுவார் என்று நின்றேன். "சாப்பிட்டியா அம்மணி?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். பிறகு வேலைக் கார்டை எடுத்து, என் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டார்.

"பாய், நீங்க சரின்னு சொல்லவே இல்லீங்களே!"

"வேண்டாம்னு தெரிஞ்சும் கார்டை வெச்சுப்போட்டு ஊட்டுக்குப் போனேன்ல. அதுக்கு" என்றார்.

முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, யார் வந்து கேட்டாலும் ஓட்டினவர் தப்பு என்று சொல்லச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து செந்திலின் மனைவி கவிதா வந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"ஏனுங்க, அந்த எண்ணெய்க் குழாயை மாட்டினது யாருங்க?"

முதலாளி தொண்டையைச் செருமினார். மிஷினையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். நான் முன்னால் போனேன்.

"நாந்தானுங்க."

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். கவிதா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு பெண் வந்து நிற்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போல.

"இது ஆபத்துன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க."

"வேண்டாம்னு சொல்லலீங்களா?"

"சொன்னேனுங்க."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவைங்க."

அவர் குரல் அப்போதுதான் உடைந்தது. "எங்கூட்டுக்காரரு ஒரு பாக்கெட்டு பால் வாங்கிட்டு வாரதுக்கே நான் நாலு தடவை சொல்லோணுமுங்க. இதுக்கு ஒரு தடவை சொன்னாப் போதுமுங்களா அக்கா?"

அன்று சாயங்காலமே செந்திலை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். பிறகு வாராவாரம் அவர் வீட்டுக்குப் போனேன். சோமனூருக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். செந்தில் கட்டிலில் படுத்துக்கொண்டு பம்பைப் பற்றியும் ஹோஸைப் பற்றியுமே கேட்பார். கவிதா காப்பியை என் முன்னால் வைத்துவிட்டு, பேசாமல் உள்ளே போவார். நாலு மாதம் கழித்துத்தான், "சர்க்கரை போதுமுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் செந்தில்குமார் பட்டறை வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினார். தொடைக்குள் இரும்புக் கம்பி, கையில் ஊன்றுகோல். நடந்து வருவதைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அக்கா, அந்த ஹோஸைக் கப்பு வெச்சு அமுக்கி, டர்போ தள்ளற காத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணி மாட்டுனா சரியாயிருமுங்களா?"

எனக்கு வந்த எரிச்சலை எப்படிச் சொல்வது? அந்த ஊன்றுகோலைப் பிடுங்கி அவரையே இரண்டு போடலாம் என்று இருந்தது.

"வேண்டாங்க" என்றேன். ஏனுங்க என்றார். "வேண்டாங்க." கம்மியாத்தாங்க என்றார். "வேண்டாங்க." நான் எண்ணிக்கொண்டே சொன்னேன். நாலு தாண்டி, ஏழு எட்டு வரை போனது. முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அவரிடமும் சொன்னேன். "கழட்டறதுன்னா நான் செய்யறேனுங்க. மாட்டறதுன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க. என்னோட வேலைக்கும் சேத்துத்தான்." அத்தனை வருடத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

செந்தில் அரை மனதாகக் கழற்றச் சொன்னார். எஞ்சினைத் திறந்தபோது இரண்டாவது பிஸ்டன் ஓரம் எலி கடித்தது போல அரித்துப் போயிருந்தது. சூட்டுக் காற்றில் முன்கூட்டி வெடித்து வெடித்து வந்த அரிப்பு. நாலு சுற்றில் இவ்வளவு. அன்று ஹோஸ் உருவியிருக்காவிட்டாலும் அந்த எஞ்சின் ஒரு மாதம் தாங்கியிருக்காது. வேகமாகப் போகும்போது எஞ்சின் இறுகி நின்றுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. பிஸ்டனை அவர் கையில் கொடுத்தேன். அன்று பாய் கொடுத்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போன லாரிக்காரர் மாதிரி இவரும் அடங்கிப் போவார் என்று நினைத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மத்த மூணும் நல்லாத்தானே இருக்குதுங்க?" என்றார்.

பிஸ்டன் மாற்றி, தகட்டை எடுத்து, பழையபடி எஞ்சினைக் கோத்தேன். பாய் சொன்னபடி செலவை வேறு இடத்தில் செய்யவைத்தோம். நல்ல டயர், நல்ல பிரேக் பேடு. முன்னும் பின்னும் ஸ்பிரிங்குகளை அவர் எடைக்குத் தகுந்தபடி அமைத்தோம். வாங்கிய நாளிலிருந்து அந்தத் திருகாணிகளை யாரும் தொட்டதே இல்லை. கால் முழுதாகத் தேறியபின், டிராக்கிலேயே ஓட்டச் சொல்லிக் கொடுப்பவர் ஒருவரிடம் சில நாள் அனுப்பினோம். அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இருபது வருடமாக ஓட்டுகிறவனுக்குப் பாடமா என்று.

விழுந்து ஒன்றரை வருடம் கழித்து, வண்டியை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு மறுபடி அதே டிராக்குக்குப் போனோம். கவிதாவும் வந்திருந்தார். நான் வாட்ச்சை எடுத்தேன். "குடுங்க அக்கா, நான் பாக்கறேன்" என்று வாங்கிக்கொண்டார். செந்தில் ஒவ்வொரு முறை அந்த இடது வளைவுக்குள் போகும்போதும் கவிதாவின் இன்னொரு கை என் முந்தானையைப் பிடித்திருந்தது. பைக் வளைவிலிருந்து ஒரே சீராக, பட்டுநூல் உருவுவது போல வெளியே வந்தது. எட்டுச் சுற்று ஓடி, வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"எவ்வளவுங்க அக்கா?"

"ஒரு நிமிசம் பதினாலு" என்றார் கவிதா.

"டர்போ இருந்தப்ப?"

"பதினேழுங்க" என்றேன் நான்.

"இருக்காதுங்க. வாட்ச்சு தப்பாயிருக்கும்."

"இன்னிக்கு வாட்ச்சு எங்கையிலதான் இருந்துச்சு" என்றார் கவிதா. கணக்கு டீச்சர் குரலில்.

செந்தில் வாட்ச்சை வாங்கிப் பார்த்தார். காதில் வைத்துக்கூடப் பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அரை பாட்டில் தண்ணீரைக் குடித்தார். முகம் தெளிந்தது. அப்பாடா, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். இத்தனை வலி, இத்தனை மாதம், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு பலன்.

ஆகவே கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். நேர்க்கோட்டில் மட்டும் ஓட்டுவது உங்கள் தொழில் என்றால், எஞ்சினை அடியிலிருந்து புதிதாகக் கட்டப் பொறுமையும் ஆளும் இருந்தால், சாலைக்கு அந்த வண்டியைக் கொண்டுவருவதில்லை என்றால், போடுங்கள். அது வேகம் தரும், நான் மறுக்கவில்லை. மற்றவர்களுக்கு வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தில் இல்லாத எஞ்சினோடு விழுந்தால் இன்சூரன்ஸ்காரர் திரும்பியும் பார்க்கமாட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேண்டாங்க, வேண்டாங்க, வேண்டாங்க, வேண்டாங்க. நாலு தடவை எழுதிவிட்டேன்.

இதனால் பயன் உண்டா என்று எனக்கே சந்தேகம்தான். ஏனென்றால் அன்று டிராக்கில், தண்ணீர் பாட்டிலை மூடிவிட்டு செந்தில்குமார் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொன்னது சரிதானுங்க அக்கா. இந்த டர்போ வளைவுல லேட்டா வருது, அதான் பிரச்சினை. சூப்பர்சார்ஜர்னு ஒண்ணு இருக்குதாமே, எஞ்சினே நேராச் சுத்திக் காத்தை அமுக்கறது, அதுல பவர் உடனே வருமாமுங்களே?"

கவிதா நேராக வண்டியிடம் போனார். சாவியை உருவித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

"வேன்காரரைக் கூப்பிடுங்க அக்கா. வண்டியை ஏத்திரலாம்."